வளைவில் நிற்கிறவர்கள்

கார் ரேஸைப் படமெடுக்க வேண்டும் என்று ஆசை. பத்திரிகைக்காரர்களுக்குத் தருகிற பாஸ் கிடையாது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக நின்றுதான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு விஷயம் தெரிந்தவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம் ஒன்றே ஒன்றுதான்: ‘‘நேர் ரோட்டுல நிக்காதே. வளைவுல போய் நில்லு.’’

காரணம் நியாயமானதுதான். நேர்ப் பாதையில் கார் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும். நீங்கள் இருமி முடிப்பதற்குள் போயே போய்விடும். வளைவு வந்தால் எப்பேர்ப்பட்ட சூரனும் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். வேகம் தணியும். வண்டி சாயும். ஹெல்மெட் நம் பக்கம் திரும்பும். முன்னால் போகிறவரை முந்துவதற்குப் பின்னால் வருகிறவர் மூக்கை நுழைப்பதும் அங்கேதான். படம் அங்கேதான் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். வண்டி கவிழ்வதும் வளைவில்தான்.

இந்த வாரம் அந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். இன்னொரு மனுஷன் விழக்கூடிய இடம் எது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, தொப்பி, தண்ணீர் பாட்டில், கேமரா சகிதம் அங்கே போய் நிற்பது தப்பா? நாம் அவனைத் தள்ளிவிடவில்லை. விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் இல்லை. சும்மா நிற்கிறோம். சும்மா நிற்பதில் என்ன பாவம்?

தமிழ்நாட்டில் இப்படிச் சும்மா நிற்பதற்கு எழுபது வருஷ சரித்திரம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ‘சோழவரம் ரேஸ்’ என்றால் அந்தக் கால மெட்ராஸ் இளவட்டங்களுக்கு ஒரு திருவிழா. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே ஒரு டிராக் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் ரேஸ் சென்னைக்குள்ளேயே வந்துவிட்டது. தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருவை வளைத்துப் போட்டு, ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா ஃபோர் ஓட்டினார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவருக்கென்று ஒரு தனித் தொழில்நுட்பம் உண்டு. லென்ஸை இரும்பு வலையோடு ஒட்டி வைக்க வேண்டும். துவாரத்தை முழுசாகத் திறந்து, தூரத்தில் வருகிற காரைக் குறிவைத்தால் கம்பி கரைந்து மறைந்துவிடும். பார்க்கிறவர்கள், ஏதோ டிராக்குக்குள்ளேயே நின்று எடுத்தது போலிருக்கிறதே என்பார்கள்.

அடுத்தது, ஷட்டர். வேகமான பொருளை வேகமான ஷட்டரில் எடுக்க வேண்டும் என்று புதுசாக வருகிறவர் நினைப்பார். இரண்டாயிரத்தில் ஒரு விநாடி வைத்து எடுத்தால் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் தெளிவாக விழும். கார் ஷோரூமில் நிறுத்தி வைத்தது போல இருக்கும்! ஓடுகிற மாதிரித் தெரிய வேண்டும் என்றால் ஷட்டரை அறுபதில் ஒரு விநாடிக்கு இறக்கிவிட்டு, கார் வருகிற வேகத்துக்கு நம் இடுப்பும் அதோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ‘பேனிங்’ என்பார்கள். கார் தெளிவாக இருக்கும். பின்னணி இழுபட்டு கோடு கோடாகப் போய்விடும். அப்படி இழுபட்டுப் போகிற பின்னணியில் வேடிக்கை பார்க்கிற ஜனமும் அடக்கம்.

இந்த வித்தையில் உலகப் புகழ்பெற்ற படம் ஒன்று, பார்வையாளர் ஒருவர் எடுத்ததுதான். பிரான்ஸில் ழாக் ஆன்றி லார்த்திக் என்று வசதியான வீட்டுப் பையன். முதல் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில், பதினெட்டு பத்தொன்பது வயசில், ரோட்டோரம் நின்று கிராண்ட் பிரீ பந்தயத்தை எடுத்தான். காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பினான். ஆனால் கார் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அந்தக் காலத்துக் கேமராவின் ஷட்டர் ஒரு மெல்லிய இடுக்காக மெதுவாக நகரும். விளைவு, கார் பாதி வெட்டுப்பட்டு, சக்கரம் முட்டை வடிவத்தில் முன்பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கம் நின்ற ஜனங்கள் அத்தனை பேரும் பின்பக்கம் சாய்ந்து... கண்ணால் பார்த்தது எதுவும் சரியாக விழவில்லை, வேகம் மட்டும் விழுந்துவிட்டது. 1963-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது பையனுக்கு அறுபத்தொன்பது வயது.

கேள்விக்கு வருகிறேன். அது எனக்கு உறைத்தது இருங்காட்டுக்கோட்டையில் அல்ல. கறம்பக்குடிப் பக்கம், மாட்டு வண்டிப் பந்தயத்தில்.

புதுக்கோட்டையிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில் இருக்கிறது கறம்பக்குடி. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையெல்லாம் முறித்துப் போட்டுவிட்டுப் போன பூமி. இந்த வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் பந்தயம் இல்லாமல் இருக்காது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. தனி மைதானம் எல்லாம் கிடையாது. பஸ் போகிற தார் ரோடுதான் டிராக். போக இத்தனை கிலோமீட்டர், வர இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு. மாட்டு வண்டிக்கு மோட்டார் இல்லையே தவிர, பின்னால் துரத்திக்கொண்டு வருகிற பட்டாளத்துக்கு உண்டு. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் பைக்குகள். பைக்கின் பின்சீட்டில் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி ஒருத்தர். மறுநாள் பத்திரிகையில் ‘சீறிப் பாய்ந்த காளைகள்’ என்று தலைப்பு வரும். எங்கள் தொழிலில் இதற்கு வேறு தலைப்பு கண்டுபிடிக்கப்படவில்லை.

கழுத்தில் கேமராவோடு நின்ற ஒரு தம்பியிடம் விசாரித்தேன். கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டுடியோவில் வேலை. பந்தய நாட்களில் இது.

‘‘எங்க நின்னா நல்லா வரும் தம்பி?’’

‘‘அந்தப் புளியமரத்து வளைவுல நில்லுங்கண்ணே. எல்லாரும் அங்கதான் நிப்பாங்க.’’

‘‘நீங்க வரலையா?’’

‘‘நமக்கு இங்கதாண்ணே. வளைவுல மாடு முழி பிதுங்கி வரும். மாட்டுக்காரவுகளுக்கு அது புடிக்காது. நேருல வர்றப்பதான் ரெண்டும் ஒண்ணுபோல கால் தூக்கும். அத எடுத்துக் குடுத்தா ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டுவாக.’’

சரி என்று புளியமரத்துக்குப் போனேன். அங்கே ஒரு ஐம்பது, அறுபது பேர் ஏற்கெனவே ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருத்தர் மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். கையில் வேப்பங்குச்சி. ‘‘தள்ளு தள்ளு... ஏய், அந்தப் புள்ளைய உள்ள இழு. தம்பி, நீங்களுந்தான், கால உள்ள வைங்க’’ என்று என்னையும் ஒதுக்கினார். தூரத்தில் சத்தம் கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தார். முன்னால் வருகிற ஜோடி எந்த ஊர் மாடு என்று அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது.

முதல் வண்டி வந்தது. இரண்டாவது, அதை உரசியபடி. வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கிய வண்டியின் ஒரு சக்கரம் தாரை விட்டு இறங்கி, மண்ணில் இடித்து, மேலே எழும்பியது. சாரதி ஒரு பக்கமாகத் தொங்கினார். நான் பார்த்தது சக்கரத்தை அல்ல. அத்தனை செல்போன்களும் ஒரே நேரத்தில் இரண்டங்குலம் மேலே போனதைத்தான். அப்புறம் சக்கரம் கீழே வந்தது, வண்டி நிமிர்ந்தது, ஓடிவிட்டது.

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெருமூச்சு மாதிரி. பக்கத்தில் நின்ற பையன் தன் சிநேகிதனிடம் சொன்னான்: ‘‘ஜஸ்ட் மிஸ்ஸு மாப்ள!’’

எது மிஸ்ஸு? சாரதி உயிர் தப்பியதா, இவனுக்கு வீடியோ தப்பியதா? கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது. நல்ல பையன்தான். வண்டி கவிழ்ந்திருந்தால் முதல் ஆளாக ஓடித் தூக்கியிருப்பான் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பெருமூச்சில் நிம்மதி எத்தனை சதவீதம், ஏமாற்றம் எத்தனை சதவீதம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கருவி இருந்தால் தேவலாம்.

பந்தயத்தைப் படமெடுக்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், ‘‘ஆக்ஸிடென்ட் நடக்கணும்னு யாராவது நினைப்பாங்களா சார்?’’ என்பார்கள். உண்மை. யாரும் நினைப்பதில்லை. நினைப்பு அதைவிட நுட்பமானது: நடக்க வேண்டாம், ஆனால் நடந்தால் நான் தவறவிடக் கூடாது. இந்த இரண்டு ஆசையும் ஒரே மனசில் சண்டை போடாமல் குடியிருக்கின்றன. முதலாவது நம்மை நல்லவனாக வைத்திருக்கிறது. இரண்டாவது நம்மை வளைவுக்குக் கூட்டிப் போகிறது.

நான் பி.காம். படித்தவன். மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பிட்ட மயக்கத்தில், மெர்கன்டைல் லா வகுப்பில் கேட்ட ஒரு விஷயம் புளியமரத்தடியில் ஞாபகம் வரும் என்று எங்கள் வாத்தியாரே நம்பமாட்டார். ‘இன்ஷுரபிள் இன்ட்ரெஸ்ட்’ என்று ஒரு பாடம். விஷயம் சுலபம். உங்கள் வீட்டுக்கு நீங்கள் தீ இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். எதிர்வீட்டுக்கு எடுக்க முடியாது. ஏன்? உங்கள் வீடு எரியாமல் இருப்பதில் உங்களுக்கு லாபம் இருக்கிறது. எதிர்வீடு எரிந்தால்தான் உங்களுக்குப் பணம் என்றால், ராத்திரி நீங்கள் தூங்கும் விதமே மாறிப்போகும். தீப்பெட்டியைத் தொட வேண்டாம். எதிர்வீட்டில் புகை வந்தால் குரல் கொடுக்க அரை நிமிஷம் தாமதிப்பீர்கள், அவ்வளவுதான்.

இது கற்பனைப் பயம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் முன்பின் தெரியாதவர்களின் உயிர் மேல் பாலிசி எடுப்பது ஒரு சூதாட்டமாகவே நடந்தது. பிரபலமான ஒருத்தர் படுத்த படுக்கையாகிவிட்டால் அவர் எப்போது போவார் என்று பணம் கட்டுவார்கள். 1774-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டு நிறுத்தியது: ஒருத்தர் உயிரோடு இருப்பதில் உனக்கு அக்கறை இல்லை என்றால், அவர் உயிர் மேல் நீ பாலிசி எடுக்காதே.

வளைவில் நிற்கிற கேமராக்காரர் கையில் இருப்பதும் ஒரு பாலிசிதான் என்று எனக்குப் படுகிறது. டிக்கெட்டும் வெயிலும் பிரீமியம். வண்டி கவிழ்ந்தால் கிளெய்ம். வண்டிக்குள் இருப்பவரோ முன்பின் தெரியாதவர். அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் இவருக்குக் கிடைப்பது, எல்லோரிடமும் இருக்கிற மாதிரி இன்னொரு படம்.

இப்போது அந்த ஸ்டுடியோத் தம்பியைப் பாருங்கள். அவர் எடுக்கிற படத்துக்கு வண்டி நேராகப் போயாக வேண்டும். மாடு இரண்டும் ஒன்றாகக் கால் தூக்க வேண்டும். பேனிங் செய்கிற யாருக்குமே அப்படித்தான். அவர் இடுப்பு திரும்புவதே, வண்டி தன் பாதையில் போய்க்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். அவருக்கு அந்த வண்டி போய்ச் சேருவதில் இன்ட்ரெஸ்ட் இருக்கிறது. வேப்பங்குச்சிப் பெரியவரும் வளைவில்தான் நின்றார். அவருக்கு மாட்டின் ஊர் தெரியும். அதனால் கூட்டத்தைப் பார்த்து நின்றார். ஆக, இடத்தில் குற்றமில்லை.

மகாபாரதத்தில் இந்த விஷயம் இருக்கிறது. யுத்தம் தொடங்கும் முன் வியாசர் வந்து, திருதராஷ்டிரனுக்குப் பார்வை தருகிறேன், போரைப் பார் என்கிறார். வேண்டாம் என்று விடுகிறான். பெற்ற பிள்ளைகளும் சொந்த பந்தமும் வெட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. காதால் கேட்டுக்கொள்கிறேன் என்கிறான். பார்வை சஞ்சயனுக்குப் போகிறது. எத்தனையோ குறை உள்ள மனுஷன் திருதராஷ்டிரன். ஆனால் உலகத்திலேயே சிறந்த பார்வையாளர் பகுதியில் ஒரு இடத்தை இலவசமாகக் கொடுத்தும் மறுத்தவன் அவன் ஒருத்தன்தான். ஓடுகிறவர்களில் நம் பிள்ளை ஒருத்தன் இருந்தால் நாமும் கேமராவை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போக மாட்டோம்.

‘அப்படியானால் அக்கறை இல்லாதவர் யாரும் விபத்தைப் படமே எடுக்கக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நான் போட்ட கணக்கில் ஓட்டை விழுவது இங்கேதான்.

1973 ஜூலை 29. ஹாலந்தில் சான்ட்வூர்ட் என்ற டிராக். ராஜர் வில்லியம்சன் என்ற இருபத்தைந்து வயது இங்கிலாந்துக்காரரின் கார் தலைகுப்புறக் கவிழ்ந்து தீப்பிடிக்கிறது. அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். பின்னால் வந்த டேவிட் பர்லி என்ற இன்னொரு வீரர் தன் காரை நிறுத்திவிட்டு, டிராக்கைக் குறுக்கே கடந்து ஓடி, தனி ஆளாக அந்தக் காரைப் புரட்டப் பார்க்கிறார். முடியவில்லை. அங்கிருந்த ஊழியர்களுக்குத் தீயைத் தாங்குகிற உடை இல்லை. கிட்டே போக முடியவில்லை. வேலி தாண்டி உதவிக்கு வரப் பார்த்த பார்வையாளர்கள் தடுக்கப்பட்டார்கள். மற்ற கார்கள் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன, பந்தயம் நிற்கவில்லை. வில்லியம்சன் இறந்துபோனார். பர்லிக்கு ‘ஜார்ஜ் மெடல்’ கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல முடிகிறது என்றால், யாரோ எடுத்துக்கொண்டே இருந்ததால்தான். பர்லி ஓடுவது, முட்டுக் கொடுப்பது, முடியாமல் திரும்புவது என்று வரிசையாக எடுத்த டச்சுப் புகைப்படக்காரர் கோர் மோய்க்கு அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு வாங்கித் தந்தன. படம் இல்லையென்றால் ‘எங்களால் முடிந்ததைச் செய்தோம்’ என்று எல்லோரும் அறிக்கை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

இங்கே பி.காம். மறுபடி கைகொடுக்கிறது. இன்ஷுரபிள் இன்ட்ரெஸ்ட் எப்போது இருக்க வேண்டும் என்று ஒரு ஐந்து மார்க் கேள்வி வழக்கமாக வரும். ஆயுள் இன்ஷூரன்ஸில், பாலிசி எடுக்கும்போதே இருக்க வேண்டும். கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸில் அப்படியில்லை. எடுக்கும்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நஷ்டம் நேரும் நேரத்தில் இருந்தாக வேண்டும். கேமராக்காரருக்குப் பொருந்துவது இந்தக் கப்பல் சட்டம். காலையில் வந்து நிற்கும்போது அவர் வெறும் வேடிக்கைக்காரராக இருக்கலாம். விழுந்த பிறகும் வேடிக்கைக்காரராகவே இருக்கிறாரா, அந்த ஆளுக்காக இனி பேச வேண்டியவர் நாம்தான் என்று ஆகிறாரா என்பதுதான் கேள்வி.

சில சமயம் பேசாமல் இருப்பதுதான் அந்த அக்கறை. 1994 மே 1, இத்தாலியில் இமோலா டிராக். தம்புரெல்லோ என்று பெயருள்ள வளைவில் அயர்டன் சென்னா மோதி விழுந்தார். ஏஞ்சலோ ஓர்சி என்ற புகைப்படக்காரர் சென்னாவுக்கு நெருங்கிய நண்பர். தரையில் கிடத்திச் சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது, ஹெல்மெட் கழற்றிய முகம் அவர் கேமராவில் விழுந்தது. அதற்கு உலகத்தில் எந்தப் பத்திரிகையும் கேட்ட விலை கொடுத்திருக்கும். குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். அந்தப் படங்கள் வெளியே வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

விரல் அமுக்கியதை யாரும் குறை சொல்ல முடியாது. இருபது வருஷப் பழக்கத்தில் விரல் தானாகப் போகும். அமுக்கிய பிறகு இருக்கிறதே நேரம், அதுதான் ஆளைக் காட்டுகிறது. செல்போன் வந்தபின் அந்த நேரம் போய்விட்டது. எடுக்கும்போதே அனுப்பியாகிறது. ‘போடலாமா, வேண்டாமா’ என்று கேட்க நடுவில் எடிட்டர் இல்லை, டார்க்ரூம் இல்லை, ஒரு ராத்திரித் தூக்கம்கூட இல்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து ஒருவர் இறந்துபோனார். வயது பதின்மூன்று. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற வயசு. ஹெல்மெட்டைப் போட்டுவிட்டால் லென்ஸுக்கு வயது தெரியாது.

இன்னொரு வாதம் சொல்வார்கள். கறம்பக்குடி ரோட்டில் வேலியே இல்லையே, வளைவில் நிற்கிறவனும் தன் உயிரைப் பணயம் வைத்துத்தானே நிற்கிறான், சாரதிக்கு இருக்கிற ஆபத்து அவனுக்கும் இருக்கிறதே என்று. கேட்க நன்றாக இருக்கிறது. 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் நடந்த ராலி பந்தயத்தில் இப்படித்தான் ஜனங்கள் ரோட்டிலேயே நின்று, கடைசி விநாடியில் விலகி, கார்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் நிலைதடுமாறி கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூன்று பேர் செத்தார்கள். முப்பது பேருக்கு மேல் காயம். அந்தக் காரை ஓட்டிய ஜோவாகிம் சான்டோஸ், கூட்டத்தின் மேல் ஏற வேண்டும் என்றா ஸ்டீரிங் பிடித்தார்? முன்னணி ஓட்டுநர்கள் இனி ஓட்டமாட்டோம் என்று அந்தப் பந்தயத்திலிருந்தே விலகிக்கொண்டார்கள். வளைவில் நின்று படமெடுக்கிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. ஓட்டுகிறவர் தலையில் ஒரு கொலைப்பழியையும் சேர்த்து வைக்கிறார். பெரியவர் ஏன் வேப்பங்குச்சியோடு நின்றார் என்பது அதை யோசித்தால் புரியும்.

மாடுகள் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. சென்னாவும் வில்லியம்சனும் தாங்களாக விரும்பி ஏறி உட்கார்ந்தவர்கள். மாட்டை யாரும் கேட்கவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்ததும், 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியதும், தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியதும், 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் நமக்கெல்லாம் தெரிந்த கதை. அதில் நான் புதுசாக எதுவும் சேர்க்கப் போவதில்லை. ஒன்று மட்டும். மாட்டுக்காரருக்கு மாட்டின் மேல் இருக்கிற இன்ட்ரெஸ்ட் சந்தேகத்துக்கு இடமில்லாதது. அதைத் தீனி போட்டு வளர்க்கிறார், அதன் படத்தைக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறார். பைக்கின் பின்சீட்டில் செல்போன் பிடித்தபடி, ஹாரன் அடித்துத் துரத்திக்கொண்டு வருகிறவருக்கு என்ன இன்ட்ரெஸ்ட் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பந்தயம் முடிந்து டீக்கடையில் அந்த ஸ்டுடியோத் தம்பியை மறுபடி பார்த்தேன். வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

‘‘மொதல்ல மாட்டுக் கயித்தப் புடிக்கணும்ணே. இல்லாட்டி அது எந்திரிச்சு சனத்துக்குள்ள ஓடிரும், இன்னும் நாலு பேரு போயிருவான். அப்பறம் ஆளத் தூக்கணும்.’’

‘‘கேமரா?’’

‘‘அது பாட்டுக்கு கழுத்துல கெடக்கும்ல!’’

எனக்கு அந்த வார் ரொம்பப் பிடித்திருந்தது. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கிறது. செல்போனுக்குக் கழுத்து வார் இல்லை. கையை விட வேண்டுமென்றால் முதலில் எடுப்பதை நிறுத்த வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாட்டுக்காரர் ஒருத்தர் வந்தார். மூன்றாம் பரிசு. கேமராவின் சின்னத் திரையில் தம்பி படத்தைக் காட்டினார். அருமையான பேனிங். இரண்டு மாடும் தரையில் கால் படாமல் பறந்துகொண்டிருந்தன. பின்னால் வேடிக்கை பார்த்த கூட்டம் பட்டையாக இழுபட்டு, தலை எது, தூக்கிப் பிடித்த செல்போன் எது என்று தெரியாமல் ஓடியிருந்தது.

மாட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

‘‘மாடு நல்லாருக்கு தம்பி. பின்னாடி நிக்கிற சனத்தையெல்லாம் அழிச்சிர முடியுமா?’’

‘‘அழிக்கலாம்ணே. ரோடு வெறிச்சோடிப் போயிரும். மாடு நிக்கிற மாதிரி தெரியும்.’’

அவர் இன்னொரு தடவை பார்த்தார். ‘‘சரி, இருந்துட்டுப் போகட்டும்’’ என்று சொல்லிவிட்டு, பெரிய சைஸ் ஃப்ரேம் என்ன விலை என்று பேரத்தை ஆரம்பித்தார்.